நாடுகளின் ஏற்றமும் இறக்கமும்

இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வைக் குறித்து வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவர்கள் எழுப்பும் வினா ஒன்றுண்டு: ஒரு நாடு பின்தங்கிவிட்டால் அதுவே அதன் விதியா? ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) அந்நூலை எழுதி முடித்த அவ்வறிஞர், அரசுகளுக்கும் வளர்ச்சியும் முதுமையும் உண்டு என விளக்கினார், அநீதி நாகரிகத்தை அழிப்பதைத் தனி இயலிலேயே ஆராய்ந்தார். ஆயினும் மக்கள் நலத்தை எண்ணால் அளக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. இன்று உண்டு. 1971 வரை ஒரே நாடாக இருந்த பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் அக்கருவியால் அளந்து பார்ப்போம்.

1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர் மஹ்பூபுல் ஹக். வருமானத்தை மட்டும் கொண்டு ஒரு நாட்டை மதிப்பிடலாகாது. ஆயுளையும் கல்வியையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வறிக்கையில் பாகிஸ்தான் வங்கதேசத்துக்கு மேலிருந்தது. 2025ஆம் ஆண்டு அறிக்கையிலோ வங்கதேசம் இடைநிலை நாடுகளோடும், பாகிஸ்தான் தாழ்நிலை நாடுகளோடும் வைக்கப்பட்டுள்ளன.

குழந்தை இறப்பு இதனை இன்னும் தெளிவாக்கும். 1990இல் இரு நாடுகளிலும், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 பேர் ஐந்து வயதை எட்டுமுன் இறந்தனர். 2019இல் அத்தொகை வங்கதேசத்தில் ஏறத்தாழ 30. பாகிஸ்தானில் ஏறத்தாழ 65. பாகிஸ்தானும் முன்னேறியதே, ஆனால் மெல்ல. நாடுகளிடை வேறுபாடு பெருகுவதற்கு ஒன்று வீழ வேண்டுவதில்லை. வேகம் மாறினாலே போதும்.

இவ்வேகம் எங்கிருந்து வந்தது? பெரும் செல்வத்திலிருந்து அன்று. வயிற்றுப்போக்கு குழந்தைகளைக் கொன்றுவந்த நாட்டில், ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர்: இக்கரைசலைத் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். கற்றதைத் தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனரோ, அதற்கேற்பவே பணியாளருக்கு ஊதியம். 1994இல் அரசு, கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு நாடெங்கும் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 1970இன் புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்ட அந்நிலத்தில், 2007இன் ‘சிதர்’ புயலில் மாண்டோர் சில ஆயிரவர். முன்னெச்சரிக்கையும் புகலிடங்களும் தொண்டர் படையும் செய்த மாற்றம் அது.

எனினும் மறுபக்கம் ஒன்றுண்டு. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் பட்டியலில் 2001 முதல் 2005 வரை ஐந்தாண்டுகள் கடைசி இடத்தில் நின்றதும் இதே வங்கதேசம்தான். 2024ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அது பாகிஸ்தானுக்குக் கீழேயே உள்ளது. அவ்வாண்டு ஆகஸ்டில், மாணவர் கிளர்ச்சியை ஒடுக்க முயன்ற ஷேக் ஹசீனாவின் அரசு வீழ்ந்தது. அந்நாள்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது.

ஆக, மக்கள் நலமும் நல்லாட்சியும் ஒரே ஏணியின் படிகள் அல்ல. முன்னது, உறுதியான எளிய பணிகளால் ஒரு தலைமுறைக்குள் உயரக்கூடும். பின்னது நீதிமன்றம், தேர்தல், கணக்குக் கேட்கும் உரிமை ஆகியவற்றைச் சார்ந்தது. அவற்றைத் தொண்டு நிறுவனங்கள் கட்டித்தர இயலாது. குழந்தைகள் பிழைத்ததைக் காட்டி ஆட்சியாளரின் அநீதியை மறைப்பதும் தவறு. ஊழலைக் காட்டி அத்தாய்மார் பெற்ற வெற்றியை மறுப்பதும் தவறு.

மாணவர்களுக்கு நான் கூறும் விடை இதுவே: பின்தங்கியமை விதியன்று; முன்னேறியமையும் நிலையான உடைமையன்று. உயிர் பிழைத்த அக்குழந்தைகளின் தலைமுறையே வளர்ந்து, வீதியில் இறங்கி நீதி கேட்டது. அநீதி குறித்து இப்னு கல்தூன் விடுத்த எச்சரிக்கை பழையதாகிவிடவில்லை.