நாற்பத்திரண்டு ஆண்டு ட்யூட்டி

மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை. 4-ம் வார்டை ஒட்டிய சிறு அறையில் அருணாவுக்கு மசித்த உணவு ஊட்ட வேண்டும், துடைத்து உடை மாற்ற வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு தலைமுறை நர்ஸ்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அடுத்த தலைமுறை அதே வேலையை எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் கிடந்த உடம்பில் படுக்கைப்புண் இல்லை. செவிலியர் தொழில் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

அருணா ஷான்பாக்கும் அங்கே நர்ஸ்தான். கர்நாடகத்தின் ஹல்திப்பூர்க்காரர். 1973 நவம்பர் 27 அன்று பணி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றப் போனார். துப்புரவுப் பணியாளர் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிப் பாலியல் கொடுமை செய்தான். மறுநாள் காலைதான் அவரைக் கண்டார்கள். அதற்குள் மூளை பாதிக்கப்பட்டிருந்தது. தாக்குதலுக்கும் கொள்ளைக்கும் அவனுக்கு ஏழாண்டு தண்டனை. பாலியல் குற்றம் வழக்கிலேயே இடம்பெறவில்லை!

கொதித்தெழுந்த நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்குச் சரியான கவனிப்பு, தங்களுக்குப் பாதுகாப்பான பணிச் சூழல் என்பவை கோரிக்கைகள். 1980-களில் படுக்கையைக் காலி செய்ய மாநகராட்சி முயன்றபோதும் அவர்களே தடுத்து நின்றார்கள்.

ஆனால் சட்டப் புத்தகத்தில் நர்ஸ் உறவினரல்ல. அருணாவைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்தி அவரை நிம்மதியாகச் சாகவிடும்படி உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது இந்தச் சிக்கல் எழுந்தது. அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு?

2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான சுதா மிஸ்ரா பதில் சொன்னார்கள். விரானியின் அக்கறை உண்மையானதுதான்; ஆனாலும் அருணாவின் உற்ற நண்பர் கே.இ.எம். ஊழியர்களே. அவர் வாழ வேண்டும் என்கிறார்கள் அவர்கள். மனம் மாறினால் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள நாட்டில் முதன்முதலாக வழி திறந்ததும் இதே தீர்ப்புதான். அது அருணாவுக்குப் பயன்படவில்லை. நர்ஸ்கள் மனம் மாறவில்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவில் அவர் இறந்தார்.

2024 ஆகஸ்ட் 20. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கொல்லப்பட்ட வழக்கில், அருணாவை நினைவுகூர்ந்த உச்ச நீதிமன்றம் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காகத் தேசியப் பணிக்குழு அமைத்தது. நீதிமன்றம் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் போதிய ஓய்வறைகள் இல்லை என்பது. அருணா உடை மாற்றப் போன இடமோ அடித்தளம்.