பேட்டரியைத் தின்னாமல் உடல் சூடு... கட்டிப்பிடிக்கும் ரோபோக்கள் கதகதப்பாக இருப்பது எப்படி?

பூனைக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்தால் முதலில் தெரிவது அதன் சூடுதான். அந்தச் சூடு இருந்தால்தான் ‘இதுக்கு உயிர் இருக்கு’ன்னு நம் மனசு நம்புகிறது. அதே சூட்டை ஒரு ரோபோவுக்கும் கொடுக்க முடியுமா? முடியும். ஆனால் நடுவில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதுதான் பேட்டரி!

ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 சதவீதம். தனியாக வாழும் முதியவர்களும் அங்கே அதிகம். அதனால்தான் வேலை செய்யும் ரோபோக்களோடு, எந்த வேலையும் செய்யாமல் சும்மா கூடவே இருக்கும் ‘துணை ரோபோ’க்களும் அங்கே விற்பனைக்கு வந்துவிட்டன.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்?

1950களில் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மை அம்மாக்களைக் கொடுத்தார். ஒன்று வெறும் கம்பி. இன்னொன்று மெத்தென்ற துணி சுற்றியது. பால் கம்பி அம்மாவிடம் கிடைத்தபோதும், குட்டிகள் பெரும்பாலான நேரம் துணி அம்மாவைத்தான் கட்டிக்கொண்டிருந்தன.

கொடூரமான சோதனை என்று பின்னாளில் இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆனால் பசியைத் தாண்டியும் தொடுதல் தேவை என்பதை அது காட்டியது. துணை ரோபோ செய்பவர்கள் துணியும் பஞ்சும் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஹீட்டர் வைத்தால் போதாதா?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். ரோபோவுக்குள் 20 வாட் ஹீட்டர் ஒன்றை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் ஓடினால் 20 வாட்-மணி மின்சாரம் காலி. 5,000 எம்ஏஎச் செல்போன் பேட்டரி முழுசா சார்ஜ் ஏறியிருந்தால் அதில் இருப்பதே ஏறத்தாழ 19 வாட்-மணிதான்!

இது சூட்டுக்கு மட்டும் ஆகும் செலவு. நகர, பார்க்க, கேட்க, யோசிக்க எல்லாம் தனிக் கணக்கு. ‘அப்போ பெரிய பேட்டரி வச்சிடலாமே’ என்றால் எடை கூடும். வயதானவர்கள் தூக்கிக் கொஞ்ச முடியாத ரோபோவால் என்ன பயன்?

‘லவோட்’ கண்டுபிடித்த வழி என்ன?

இதற்கு ஒரு விடை சொன்னது, 2018 டிசம்பரில் ஜப்பானின் க்ரூவ் எக்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ‘லவோட்’. லவ், ரோபோட் இரண்டும் சேர்ந்த பெயர். இதை உருவாக்கிய கனாமே ஹயாஷி, அதற்கு முன்பு சாஃப்ட்பேங்க் நிறுவனத்தின் ‘பெப்பர்’ ரோபோ திட்டத்தில் வேலை பார்த்தவர். எடை 4 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம், கிட்டத்தட்ட ஒரு கைக்குழந்தை அளவு.

லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்த்தால் சுடும் இல்லையா? கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. மற்ற கருவிகளில் அந்தச் சூட்டை ஃபேன் வைத்து வெளியே தள்ளுவார்கள். லவோட்டில் அதே சூட்டைக் காற்றோட்டமாக உடலுக்குள் சுற்றவிடுகிறார்கள். உடல் வெப்பம் சுமார் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதாவது, ‘யோசிப்பதற்கு’ செலவழித்த மின்சாரமே கதகதப்பாகத் திரும்பக் கிடைக்கிறது. வீணாகப் போவதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ரோமத்துக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. ஒரே அறையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் டம்ளர் மட்டும் சில்லென்று இருக்கும். காரணம், உலோகம் நம் கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. ரோமத்துக்கு நடுவே சிக்கிய காற்றோ சூட்டை அவ்வளவு சீக்கிரம் கடத்தாது.

இதற்கு நல்ல உதாரணம், யுகாய் எஞ்சினியரிங் நிறுவனத்தின் ‘கூபோ’. தலை இல்லை, கால் இல்லை. தடவினால் வாலை ஆட்டும் ஒரு தலையணை, அவ்வளவுதான். அணைத்துக்கொண்டால் நம் உடல் சூடே அதில் தங்கி நமக்குத் திரும்பி வரும். கூடுதல் மின்சாரச் செலவு பூஜ்யம்!

மெழுகிலும் சூட்டைச் சேமிக்கலாம்

இன்னொரு வழியும் இருக்கிறது. சிலவகை மெழுகுகள் உடல் வெப்பநிலையை ஒட்டி உருகும். மறுபடி உறையும்போது, உருக வாங்கிய சூட்டை மெதுவாகத் திருப்பித் தரும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி, இந்தியாவிலும் பயன்பாட்டுக்கு வந்த ‘எம்ப்ரேஸ்’ பச்சிளம் குழந்தைப் பை இயங்குவது இப்படித்தான். ஒருமுறை சூடேற்றினால், மின்சாரம் இல்லாமலே சில மணி நேரம் குழந்தையை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும். ரோபோ சார்ஜ் ஏறும்போதே மெழுகையும் சூடேற்றிவிட்டால், பேட்டரியின் பாரம் குறையும்.

அதிகம் சூடானால் ஆபத்தா?

ஆமாம். 44 டிகிரி சூடுகூட பல மணி நேரம் தொடர்ந்து தோலில் பட்டால் புண்ணாகிவிடும். நீரிழிவால் உணர்ச்சி மரத்துப்போன கால்களுக்கு அது தெரியவே தெரியாது. கொதிக்கும் சூடு வேண்டாம், உடம்புச் சூடு போதும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல வேளையாக, குறைந்த சூட்டுக்கு மின்சாரமும் குறைவு.

இன்னும் தீராத சிக்கல்

இவ்வளவு செய்தும் லவோட் ஒரு சார்ஜில் அதிகபட்சம் முக்கால் மணி நேரம்தான் தாங்கும். சார்ஜ் குறைந்ததும் ‘கூடு’ எனப்படும் சார்ஜர் மேடைக்கு அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு குட்டித் தூக்கம். ஆனால் அப்போதுதான் மடியில் வைத்துக் கொஞ்ச நினைத்த பாட்டிக்கு, அது காத்திருக்கும் நேரம்.

அதனால்தான் இந்தத் துறையில் ஒவ்வொரு வாட்டும் முக்கியம். இங்கே மிச்சம் பிடிக்கும் மின்சாரம் வெறும் கரண்ட் பில் கணக்கு இல்லை. தனியாக இருக்கும் ஒருவரின் மடியில் அந்தச் சூடு இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கும் என்பதுதான் கணக்கு.