ஆறு பென்ஸ் பந்தயம்!

கம்ப்யூட்டரின் வேலையைச் சுருக்கிய வாலிபர்

லண்டனில் கம்ப்யூட்டர் செய்து வந்த கம்பெனி, எலியட் பிரதர்ஸ். 1960-ம் ஆண்டில் அங்கு ஒரு வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார்.

எண்களை வரிசையாக அடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதும்படி மேலதிகாரி கூறினார். வாலிபர் எழுதிக் கொடுத்தார். "இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியும்" என்ற பொருள்பட ஒரு வார்த்தையும் சொன்னார்.

மேலதிகாரி நம்பவில்லை. ஆறு பென்ஸ் பந்தயம் கட்டினார்.

வென்றவர் வாலிபரே! அவர் பெயர் டோனி ஹோர்.

கொழும்பில் பிறந்தவர்

ஹோர் இங்கிலாந்துக்காரர். ஆனால் 1934-ல் அவர் பிறந்தது, இலங்கையில் உள்ள கொழும்பு நகரில்.

ஆக்ஸ்போர்டில் படித்தார். கடற்படையில் ரஷிய மொழி கற்றார். பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

ரஷிய மொழியைக் கம்ப்யூட்டர் மூலம் இங்கிலீஷில் மொழிபெயர்க்க 1959-ல் அங்கே வழி தேடினார். அகராதி, நீண்ட காந்த நாடாவில் அகர வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நாடாவை முன்னும் பின்னும் சுற்றினால் நேரம் என்ன ஆவது?

வாக்கியத்தின் வார்த்தைகளை முதலிலேயே அகர வரிசையில் அடுக்கிவிட்டால், நாடாவை ஒரே தடவை ஓட்டினால் போதும்.

சீக்கிரமாக அடுக்குவது எப்படி? யோசித்தார். வழி கிடைத்தது!

ஏழு சீட்டு

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஏழு சீட்டுகளில் 5, 8, 2, 9, 1, 7, 3 என்று எழுதுங்கள்.

முதல் சீட்டு 5. அதைவிடச் சிறிய 2, 1, 3 ஆகியவற்றை இடது பக்கம் வையுங்கள். பெரிய 8, 9, 7 ஆகியவற்றை வலது பக்கம் வையுங்கள். 5-க்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. இனி அதைத் தொட வேண்டாம்.

இடது பக்கத்தில் 2-ஐ வைத்து இதேபோல் பிரியுங்கள். வலது பக்கத்தில் 8-ஐ வைத்துப் பிரியுங்கள். 1, 2, 3, 5, 7, 8, 9. வரிசை வந்துவிட்டது!

ஒவ்வொரு சீட்டையும் மற்ற எல்லாச் சீட்டுகளோடும் ஒப்பிட்டால் 21 தடவை பார்க்க வேண்டும். இந்த வழியில் 10 தடவைதான். காரணம், இடது பக்கச் சீட்டை வலது பக்கச் சீட்டோடு ஒப்பிட வேண்டியதே இல்லை.

ஆயிரம் எண்கள் என்றால் வித்தியாசம் மலைக்க வைக்கும். அப்படி ஒப்பிட்டால் 4,99,500 தடவை. ஹோர் வழியில் சராசரியாக சுமார் 11,000 தடவை!

ஒரு பலவீனம்

இதற்கு 'குவிக் சார்ட்' என்று பெயர். 1961-ல் ஹோர் இதை வெளியிட்டார். 1980-ல் அவருக்கு டூரிங் பரிசும், 2000-ல் 'சர்' பட்டமும் கிடைத்தன.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. ஏற்கனவே வரிசையாக உள்ள எண்களைக் கொடுத்து, எப்போதும் முதல் எண்ணையே எடுத்துப் பிரித்தால், ஒரு பக்கம் காலியாகவே இருக்கும். வேகம் போய்விடும். மறுபடியும் 4,99,500 தடவைதான்!

அதனால் முதல் எண்ணை விட்டு, இடையில் ஏதாவது ஒரு எண்ணை எடுத்துப் பிரிப்பார்கள்.

இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் சரி, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் வழியை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்!