டிகாக்ஷன் கசந்தால் கொட்டை மட்டும் காரணமல்ல: காபி அரவைத் தட்டுகளைப் பராமரிப்பது எப்படி?

நெய்யாற்றின்கரை: தமிழக எல்லையான களியக்காவிளையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிக் கிராமங்கள் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுபவை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த இத்தகைய ஊர்களில், காபிக் கொட்டையை அரைத்து விற்கும் சிறு கடைகளும், வீட்டிலேயே அரைத்துக்கொள்வோரும் கவனிக்க வேண்டிய முதன்மையான உறுப்பு, இயந்திரத்தினுள் இருக்கும் அரவைத் தட்டுகளாகும்.

செயல்படும் முறை

பற்களுடன் கூடிய இரு தட்டுகளில் ஒன்று நிலையாக இருக்க, மற்றொன்று சுழல்கிறது. இடையிலுள்ள இடைவெளியே தூளின் பருமனைத் தீர்மானிக்கிறது. கூரான பற்கள் கொட்டையை ஒரே சீராக வெட்டுகின்றன. மழுங்கிய பற்களோ அதை நசுக்குவதால் மாவு போன்ற நுண்தூளும் பெரிய குருணையும் கலந்து விழுகின்றன. நுண்தூள் ஃபில்டரின் துளைகளை அடைத்துக் கசப்பைத் தருகிறது. குருணையிலிருந்து சாறு முழுமையாக இறங்குவதில்லை. உராய்வுச் சூட்டில் மணமும் குறைகிறது. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற வயநாட்டு ரொபஸ்டாவே ஆனாலும் இதே கதிதான்.

சுவை மாறியவுடன் சிக்கரி கூடிவிட்டதாகச் சந்தேகிப்பது வழக்கம். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்திற்குக் குறையக் கூடாது என்பதும், கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பதும் விதி. விகிதம் மாறவில்லையெனில், அடுத்து சோதிக்க வேண்டியது அரவைத் தட்டையே.

தேய்மானத்தின் அறிகுறிகள்

* அதே பருமனுக்கு இடைவெளியை மீண்டும் மீண்டும் குறைக்க நேரிடுதல்
* அரவை நேரம் நீளுதல். தூள் சூடாக வெளிவருதல்
* பல்லின் விளிம்பில் நகத்தை வைத்தால் பிடிபடாமல் வழுக்குதல்

சுத்தம் செய்தல்

மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே இயந்திரத்தைத் திறக்க வேண்டும். கொட்டையின் எண்ணெய்ப் பசையில் தூள் ஒட்டி, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஈரத்தை எளிதில் ஈர்க்கும் சிக்கரி, பற்களின் இடுக்கில் இறுகிவிடும். இவற்றை உலர்ந்த தூரிகையால் அகற்ற வேண்டும். இரும்பு, எஃகுத் தட்டுகளை நீரில் கழுவினால் துருப்பிடிக்கக்கூடும். அரைப்பதற்கு முன் கொட்டையில் கல், ஆணி போன்றவை உள்ளனவா என்று பார்ப்பது அவசியம். ஒரு சிறு கல்லே பல்லை உடைத்துவிடும். உடைந்த துணுக்கு தூளில் கலக்கும் அபாயமும் உண்டு.

மாற்றும்போது

அம்மியைக் கொத்துவதுபோல இத்தட்டுகளை வீட்டில் அரம் கொண்டு தீட்டுவது கூடாது; பற்களின் சாய்வு கெட்டுவிடும். இரு தட்டுகளையும் ஒருசேர மாற்றுவதே முறை. தட்டு அமரும் இடத்தில் சிறிது தூள் தங்கினாலும் தட்டு சாய்ந்து அரவை சீர்கெடும் என்பதால், அவ்விடத்தை நன்கு துடைக்க வேண்டும். திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். புதிய தட்டில் முதலில் அரைக்கும் தூளைப் பயன்படுத்தாமல் நீக்கிவிட வேண்டும்.

அரவைத் தட்டு தேய்ந்து தீரும் பொருளே. அதை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், விலை கொடுத்து வாங்கிய கொட்டையின் ஒரு பகுதி ஒவ்வொரு நாளும் ஃபில்டரிலேயே வீணாகிறது.