திருட்டைக் காட்டிக்கொடுத்த ஆந்தை

பறவை நோக்குவோர் உலகில் துப்பறியும் நாவல்களை மிஞ்சிய உண்மை வழக்கு, மத்திய இந்தியாவின் காட்டு ஆந்தையுடையது. 1884-க்குப் பிறகு அது நெடுங்காலம் பறவையியலாளர் கண்ணில் படவில்லை. ஒரே விதிவிலக்கு, 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் சேகரித்ததாக பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் காட்டிய, பாடம் செய்யப்பட்ட பறவை.

அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒருமுறை பிரித்து மீண்டும் பஞ்சு அடைத்த தடயம் தெரிந்தது. பதப்படுத்திய விதமோ 1880-களில் பறவை சேகரிப்பாளர் ஜேம்ஸ் டேவிட்சன் கையாண்ட அதே விதம். அருங்காட்சியகத்திலிருந்து திருடிய பறவைக்குப் புதுச்சீட்டு கட்டியிருந்தார் அதிகாரி! மாண்ட்வி பொய் முகவரி என்றானதும், தேடல் நம்பகமான பழைய இடங்களுக்குத் திரும்பியது. 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகே, காலை வெளிச்சத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது ஆந்தை. ராஸ்முசெனுடன் பென் கிங், டேவிட் அபாட் இருவரும் அதைக் கண்டனர்.

தமிழ்நாட்டின் கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கத் தோப்புகளில் பார்க்கக்கூடிய புள்ளி ஆந்தை, காட்டு ஆந்தையின் நெருங்கிய உறவு. உச்சந்தலை நிறைய வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது புள்ளி ஆந்தை. காட்டு ஆந்தைக்கு அங்கே புள்ளிகள் மிகக் குறைவு.