ஐயந் தீர்க்கும் இடம்

மென்பொருளின் மூலநிரலை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவளிப்பதே திறந்தமூல முறையாம். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து தேசத்து மாணாக்கராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், தாம் இயற்றிவரும் இயக்குதளத்தைப்பற்றி மினிக்ஸ் பயில்வோர் குழுவிற் கருத்து வினவினார். லினக்ஸ் உலகறிய வந்தது இங்ஙனமே.

இத்தகைய மென்பொருளில் ஐயம் எழுந்தால், விடையளிக்கக் கடமைப்பட்ட வணிகர் பெரும்பாலும் இலர். முன்னர்க் கற்றவர் பின்னர் வருவோர்க்கு ஊதியமின்றி உதவுகின்றனர். ஆதலின், அவர்கள் எவ்விடத்திற் கூடுவது என்பது சிறிய வினாவன்று. அதனைத் தெரிந்தெடுக்குங்கால் நாம் நோக்கற்பாலன இரண்டு.

முதலாவது, விடை நிலைத்திருத்தல். உடனுக்குடன் உரையாடும் அரங்கில் மறுமொழி விரைவிற் கிட்டும். ஆயினும், அஃது ஆற்றுநீர்போல் ஓடிவிடும். ஸ்லாக் என்னும் உரையாடற் சேவை, 2022 செப்டம்பர் முதல், கட்டணஞ் செலுத்தாத குழுக்களுக்குக் கடைசி 90 நாட்களின் செய்திகளையே காட்டலாயிற்று. நூறாம் நாளில் அதே ஐயத்தோடு வருபவர்க்கு முன்னைய விடை அகப்படாது. தொண்டரும் அதனையே மீண்டும் எழுதிச் சோர்வர்.

இரண்டாவது, இடத்தின் உரிமை. திறந்தமூலக் குழுக்கள் பல்லாண்டு கூடிவந்த ஃப்ரீநோடு என்னும் அரங்கில், 2021 மே மாதத்தில் உரிமைப் பூசல் எழுந்தது. அதனைப் பேணிவந்த தொண்டர்கள் விலகி, லிபரா சாட் என்னும் புதிய அரங்கை நிறுவினர். உபுண்டு, விக்கிமீடியா முதலிய குழுக்கள் அங்குக் குடிபெயர்ந்தன. அடுத்த மாதமே பழைய அரங்கிற் பதிந்திருந்த பெயர்களும் அறைகளும் அழிக்கப்பட்டன. பிறர் மனையில் வாழ்வோர், வெளியேறும் வழியையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

பைதான் மொழியை வளர்ப்போர், 2022-இல், தம் ஆலோசனையை டிஸ்கோர்ஸ் என்னும் மென்பொருளால் இயங்கும் மன்றத்திற்கு மாற்றினர். டிஸ்கோர்ஸும் திறந்தமூலமே. அதில் நிகழும் வினாவிடைகளைத் தலைப்புவாரியாகத் தேடலாம். நிர்வாகிகள் முழுப்படி எடுத்து வேறொரு கணினியிலும் நிறுவலாம்.

அங்ஙனமாயின், விரைந்துரையாடும் அரங்கு வேண்டாவோ எனின், வேண்டுவதே. புதியவர் கூச்சமின்றி வினவ அது திண்ணைபோல் உதவும். ஆனால், திண்ணையிற் கண்ட விடையை உள்ளே ஏட்டில் எழுதிவைத்தல் இன்றியமையாதது.

மாணாக்க நண்பர்களே, நாளை நீவிர் இத்தகைய குழுவொன்றிற் சேர்தல் கூடும். அங்கு விடை பெற்றவுடன் அகன்றுவிடாது, அதனைத் தெளிவாக எழுதி வைப்பீராக. நள்ளிரவில் தனித்திருந்து அதே பிழையோடு போராடும் முகமறியா ஒருவர்க்கு அவ்வெழுத்தே ஆசிரியனாகும்.