பல மொழிகளுக்கு ஓர் எழுத்துரு

எழுத்துரு அமைக்கும் கலையில் புதிதாகப் புகுந்த ஒருவர், தம் தாய்மொழியின் எழுத்துகளை வரைந்து முடித்து, அதே சாயலில் தாம் வாசித்துப் பழகாத வேறு மொழிகளின் எழுத்துகளையும் சேர்க்க முற்படும்போதுதான், இக்கலையின் பெரும்பகுதி கையில் அன்று, பிறர் கண்ணில் இருக்கிறது என்பதை உணரத் தொடங்குகிறார்.

கைவேலையைக் கற்பது அவ்வளவு கடினமன்று. ஃபாண்ட்ஃபோர்ஜ் போன்ற விலையில்லா மென்பொருளின் துணைகொண்டு, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘என்’, ‘ஓ’ என்னும் இரண்டையும் முதலில் வரைந்து, நேர்கோட்டுக்கும் வளைவுக்கும் உரிய தடிப்பை அவற்றில் நிர்ணயித்துக்கொண்டு, ஏனையவற்றை அவற்றைத் தழுவி அமைப்பது சம்பிரதாயம். வட்டமான எழுத்து, தட்டையான எழுத்தின் உயரத்திலேயே நின்றால் குள்ளமாகத் தோன்றுமாதலால் அதை இம்மியளவு கூட்டி வரைவதும் பயிற்சியால் கைவரும்.

பயிற்சியால் வாராதவற்றுக்கு ருமேனிய மொழி தக்க உதாரணம். அதன் ‘எஸ்’, ‘டி’ எழுத்துகளில் சிலவற்றின் கீழே, எழுத்தைத் தொடாமல், ஒரு சிறு கால்புள்ளி நிற்க வேண்டும். துருக்கி மொழியின் ‘எஸ்’ எழுத்திலோ ஒரு கொக்கி எழுத்தோடு ஒட்டித் தொங்கும். அயலார் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றே எனப் பட்டமையால், ஆரம்பகாலக் கணினிக் குறியீட்டு அட்டவணைகளில் கொக்கிக்கு மட்டுமே இடம் கிடைத்தது. ருமேனியர் தங்கள் சொந்த மொழியைப் பல்லாண்டுகள் அந்நிய வடிவத்தில் வாசிக்க நேர்ந்தது. 1999-இல் வெளிவந்த யூனிகோடின் மூன்றாம் பதிப்பில்தான் கால்புள்ளி எழுத்துகள் தனி இடம் பெற்றன. கடுகளவு குறிதான், ஆனால் ஒரு தேசத்தார் தங்கள் பெயரை எழுதும் குறி அது. போலிஷ் மொழியின் மேற்கோடு பிரெஞ்சு மொழியினதைவிட நிமிர்ந்து நிற்பதும், ரஷ்யர் எழுதும் சாய்வெழுத்துகளில் சிலவற்றைச் செர்பியர் வேறு வடிவில் எழுதுவதும் இத்தகைய நுட்பங்களே.

இவ்வளவு பரிச்சயமும் ஒருவரிடமே அமைவது அரிது. 2003-இல் பிட்ஸ்ட்ரீம் நிறுவனம், பெயரை மாற்றிக்கொண்டு எவரும் திருத்தி வெளியிடலாம் என்னும் அநுமதியோடு வேரா என்ற எழுத்துருவை வழங்கியபோது, அதில் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு வேண்டியவையே இருந்தன. ஆர்வலர் பலர் அதைத் தனித்தனியே விரித்து வந்தார்கள். அம்முயற்சிகளுள் பல ஒன்றுகூடி, கிரேக்கம், சிரிலிக், ஆர்மீனியம், ஜார்ஜியம், அரபு முதலியவற்றையும் தாங்கிய டெஜாவூ எழுத்துருவாக வளர்ந்து, லினக்ஸ் கணினிகளில் எங்கும் பரவியது. ஒரு மேதையின் தனிப் பிரயாசையைவிட இந்தக் கூட்டுழைப்பையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

தமிழை அறியாத ஒருவர் தமிழெழுத்தை வரைந்தாலும் இதே நிலைதான். தடித்த வடிவில், ணகரத்தின் மூன்று சுழிகளும் னகரத்தின் இரண்டு சுழிகளும் சிறிய அளவில் மை அடைத்துக் குழம்புவதையும், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள பேதம் மங்குவதையும் தமிழ் வாசகர்தாம் உடனே கண்டு சொல்வார்.

ஆதலால், அபிப்பிராயம் நாடும் ஆரம்ப மாணவர், தனியெழுத்தைப் பெரிதாகக் காட்டி ‘அழகாயிருக்கிறதா?’ என்று வினவுவதில் பயனில்லை. ஒரு முழுப் பத்தியைப் புத்தக அளவில் அச்சிட்டு, அம்மொழியை நாள்தோறும் வாசிப்பவர் பலரிடம் கொடுத்து, கண் தடைப்படும் இடங்களில் கோடிடச் சொல்ல வேண்டும். காரணம் அவர்களுக்குச் சொல்லத் தெரியாமலிருக்கலாம். அதைத் தேடுவது வரைபவர் கடமை. ஒரே எழுத்தின்கீழ்ப் பலர் கோடிட்டிருந்தால் அதை மீண்டும் வரைந்து, அதே பத்தியை முன்பு பார்த்தவரிடமும் பாராத புதியவரிடமும் மறுபடி கொடுக்க வேண்டும்.